வாடகைக்கு எடுத்த வேகம்



மோட்டார் வண்டிகளுள் பல வகை உண்டு. சுமை ஏற்றுவதற்கென்று அமைந்தவை சில. குடும்பத்தோடு அமர்ந்து ஊர் செல்வதற்கென்று அமைந்தவை சில. பந்தயத்தில் முந்துவதற்கென்றே அமைந்தவை சில. இவற்றுள் இரண்டாம் வகையின் வசதியையும் மூன்றாம் வகையின் விரைவையும் ஒருங்கே தர முயலும் வண்டியும் ஒன்று உண்டு. நான்கு கதவுகள், ஐவர் அமர இடம், பின்புறம் பெட்டிகள் வைக்க ஓர் அறை, மெத்தென்ற தோல் ஆசனங்கள் ஆகிய எல்லாம் அதில் இருக்கும். ஆனால் முன்மூடியைத் திறந்து பார்த்தால் அங்கே இருப்பது பந்தயக் குதிரை. 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்று அதற்குப் பெயர். அத்தகைய வண்டி ஒன்றை ஜெர்மனியில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டியபோது நான் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வகை வண்டியின் வரலாறு நெடியதன்று. இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 1950-இல் '1900' என்னும் வண்டியை வெளியிட்டபோது, பந்தயங்களில் வெல்லும் குடும்ப வண்டி என்றே அதனை விளம்பரம் செய்தது. 1959-இல் இங்கிலாந்தில் ஜாகுவார் நிறுவனத்தின் 'மார்க் 2' வெளிவந்தது. மரப்பலகையும் தோலும் இழைத்த உள்ளறை கொண்ட அவ்வண்டி, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம் ஓடக்கூடியது. அதனைக் காவல் துறையினரும் விரும்பி வாங்கினர். அவர்களிடமிருந்து தப்பி ஓட விரும்பிய கள்வரும் அதனையே நாடினர் என்பது வேடிக்கை. அதே 1959-ஆம் ஆண்டு டிசம்பரில், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் நொடித்துப் போய்ப் பெரிய போட்டி நிறுவனம் ஒன்றின் கையில் சேர இருந்தது. சிறு பங்குதாரர்கள் கூடி எதிர்த்ததால் அது தப்பியது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1961-இல், ஃபிராங்க்ஃபர்ட் நகரக் கண்காட்சியில் அந்நிறுவனம் '1500' என்னும் வண்டியை வைத்தது. அளவில் நடுத்தரமான, நான்கு கதவுடைய அவ்வண்டியின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் ஓடும் அந்நிறுவனத்தின் விரைவு வண்டிகள்.

நான் எடுத்தது அவ்வழியில் வந்த ஒன்று. அந்நிறுவனம் பிறந்த மியூனிக் நகரிலேயே எடுத்தேன். '330ஐ' என்பது அதன் பெயர். இரண்டு லிட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட அதன் எஞ்சின் 258 குதிரை சக்தி தருவது. 1961-இல் வந்த '1500' வண்டியின் எஞ்சின் தந்தது 80 குதிரை சக்தியே என்பதை நினைத்துப் பாருங்கள். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இதற்கு 5.8 விநாடி போதும். ஒரு குறளை நிறுத்திச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வேகம் வந்துவிடும். மேல் எல்லை 250 கிலோமீட்டர். எஞ்சினுக்கு அதனினும் மிகுந்த வலிமை இருந்தாலும், 1980-களின் இறுதியில் ஜெர்மானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி, பெரும்பாலான விரைவு வண்டிகள் மின்னணுக் கருவியால் அந்த அளவோடு நிறுத்தப்படுகின்றன.

வாடகை நிலையத்தில் சாவியைக் கொடுப்பதற்கு முன்பு அங்கிருந்த அலுவலர் ஒப்பந்தத் தாளை விரித்து ஒவ்வொரு விதியாகச் சொன்னார். வண்டியில் முன்பே உள்ள கீறல்கள் படத்தில் குறிக்கப்பட்டிருந்தன. எண்ணெயை நிரப்பித் திருப்ப வேண்டும். சேதம் நேர்ந்தால் இவ்வளவு தொகை வரை என் பொறுப்பு. கண்மூடித்தனமாக ஓட்டி விபத்து நேர்ந்தால் அந்த வரம்பு என்னைக் காவாது. இவற்றை எல்லாம் கேட்டுக் கையெழுத்திட்டேன். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அங்கே வலப்பக்கம். ஆகவே நிலையத்தின் முற்றத்திலேயே இரண்டு சுற்று வந்து, கைக்கும் கண்ணுக்கும் புதிய திசையைப் பழக்கிக்கொண்ட பின்னரே தெருவில் இறங்கினேன்.

நகருக்குள் அவ்வண்டி சாதுவான பசுவைப் போல நடந்தது. டிராம் வண்டிகளும் சைக்கிள்காரர்களும் நிறைந்த தெருக்களில் 258 குதிரைகளும் உறங்கிக் கொண்டிருந்தன. கியர்கள் எட்டு, அவை தாமே மாறிக்கொள்வதால் ஓட்டுபவன் அதனை உணர்வதில்லை. ஸ்டியரிங் சக்கரம் கனமும் இன்றி மிகுந்த இலேசும் இன்றி, கை நினைத்த அளவுக்கு வண்டியைத் திருப்பியது. சாலையின் மேடு பள்ளங்களை உடல் அறிந்தது; ஆனால் வருந்தவில்லை. வண்டியின் எடை ஏறத்தாழ 1,500 கிலோ. அது முன் சக்கரங்களின் மீதும் பின் சக்கரங்களின் மீதும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்பட்டுள்ளது. எஞ்சின் முன்னே இருக்க, உந்தும் விசை பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. முன் சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை. பின் சக்கரங்களுக்குத் தள்ளும் வேலை. இந்த வேலைப் பங்கீடே அதன் நடையில் காணும் நிதானத்துக்குக் காரணம்.

மியூனிக்கிலிருந்து தெற்கே ஆல்ப்ஸ் மலையை நோக்கி ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. 'ஆட்டோபான்' என்னும் அத்தகைய சாலைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லா இடங்களிலும் மனம்போல ஓட்டலாம் என்று பலர் நினைக்கின்றனர், அது சரியன்று. பல பகுதிகளில் வேக வரம்பு உண்டு. வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கருங்கோடுகள் தீட்டிய பலகை வரும் இடத்திலிருந்துதான் வரம்பு நீங்குகிறது. அங்கும் 130 கிலோமீட்டருக்கு மேல் போகாதிருத்தல் நன்று என்பது அரசின் அறிவுரை. அதனை மீறுவது குற்றமன்று; ஆனால் மீறி ஓட்டியவன் விபத்தில் சிக்கினால், தவறு பிறருடையதாகவே இருந்தாலும், இழப்பில் ஒரு பங்கை அவன் தாங்க நேரிடலாம்.

அந்தப் பலகையை நானும் கடந்தேன். ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தினேன். எஞ்சினின் ஒலி ஒரு சுருதி ஏறி மீண்டும் அடங்கியது. முகப்புக் கண்ணாடியில் தெரியும் எண் 130, 140, 160 என்று உயர்ந்தது. அருகில் அமர்ந்திருந்த நண்பர் தம் பேச்சின் குரலை உயர்த்தவில்லை. கோப்பையில் இருந்த காப்பி தளும்பவில்லை. நம் ஊர்ப் பழைய பேருந்து ஒன்றில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கம்பியைப் பற்றிக்கொள்கிறோமே, அந்த அச்சத்தில் நூற்றில் ஒரு பங்கும் அங்கே இல்லை.

நண்பர்களே, அந்த வண்டியின் பெருஞ்சிறப்பும் பேரிடரும் இந்த ஓர் இடத்திலேயே இருக்கின்றன என்பது என் கருத்து. பழைய வண்டிகள் தம் வேகத்தைத் தாமே பறைசாற்றின. சன்னல் அதிர்ந்தது, காற்று இரைந்தது, ஸ்டியரிங் சக்கரம் கையில் துடித்தது. 'போதும், குறைத்துக்கொள்' என்று வண்டியே ஓட்டுபவனுக்குச் சொல்லிற்று. புதிய வண்டியைச் செய்த பொறியாளர்கள் மிக உழைத்து அந்த அதிர்வையும் இரைச்சலையும் துடிப்பையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டனர். நீங்கியவை வேகத்தின் அறிகுறிகளே, வேகம் நீங்கவில்லை. காய்ச்சல் மானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்ததாகுமா?

இதனைக் கணக்காகப் பார்ப்போம். பௌதிகம் பயிலும் மாணவர்கள் அறிவர்: ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு; வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. வேறொரு வகையாகவும் இதனை எண்ணலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பானது. மியூனிக் நகரின் நடுவே அன்னை மரியாள் பேராலயம் உள்ளது. அதன் இரட்டைக் கோபுரங்கள் 100 மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரம். 160 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான வீழ்ச்சி அந்த உயரமே. அந்நகருக்கு மேற்கே உள்ள உல்ம் நகரப் பேராலயத்தின் கோபுரம் 161 மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கிறது. 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஏறக்குறைய அதன் உச்சியில் நிற்கிறான் என்று கொள்ளலாம். கோபுர உச்சியில் நிற்பவனுக்குக் கால் கூசும்; மெத்தென்ற ஆசனத்தில் இருப்பவனுக்குக் கூசுவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

நிற்கும் தூரத்தைப் பற்றி ஜெர்மனியின் ஓட்டுநர் பள்ளிகளில் எளிய வாய்பாடு ஒன்றைக் கற்பிக்கின்றனர். வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் வருவது, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அடையும் வரை வண்டி ஓடும் தூரம். வேகத்தைப் பத்தால் வகுத்து வர்க்கித்தால் வருவது, பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம். இரண்டும் மீட்டர் கணக்கில். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 15-உம் 25-உம் சேர்ந்து 40 மீட்டர். 100-க்கு 30-உம் 100-உம் சேர்ந்து 130 மீட்டர். 130-க்கு 208 மீட்டர். 200-க்கோ 60-உம் 400-உம் சேர்ந்து 460 மீட்டர்! உயிரைக் காக்க முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தால் இரண்டாம் பகுதி பாதியாகும் என்பர். அப்போதும் 260 மீட்டர் ஆகிறது. நல்ல வண்டியின் பிரேக் இதனினும் சிறிது மிஞ்சலாம். ஆனால் முதற் பகுதி இருக்கிறதே, அது வண்டியினுடையதன்று, மனிதனுடையது. எத்துணை விலை கொடுத்து வண்டி வாங்கினாலும், கண் கண்டதைக் கால் செய்வதற்கு ஆகும் அந்த ஒரு விநாடியை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அந்த ஒரு விநாடியில், 200 கிலோமீட்டர் வேக வண்டி 55 மீட்டருக்கும் மேல் ஓடிவிடுகிறது.

அங்குள்ள மக்கள் இதனை அறிந்தே சில ஒழுங்குகளைக் கைக்கொள்கின்றனர். முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே, வேகத்தைக் காட்டும் எண்ணில் பாதியளவு மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது அவர்களது கணக்கு. 100 கிலோமீட்டருக்கு 50 மீட்டர். முந்துவது இடப்புறத்தில் மட்டுமே. முந்தியதும் வலப்புறத் தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். போக்குவரத்து தேங்கத் தொடங்கினால் இடத் தடத்தார் இடப்புறமாகவும் மற்றவர் வலப்புறமாகவும் ஒதுங்கி, ஆம்புலன்ஸ் வண்டி செல்ல நடுவில் ஒரு வழி விடவேண்டும். விபத்து எங்கே நேர்ந்தது, யாருக்கு நேர்ந்தது என்று தெரியுமுன்னரே, முகமறியாத ஒருவருக்காக நூற்றுக்கணக்கானோர் வழி திறந்து வைக்கின்றனர். வேகத்தைப் பற்றிப் பெருமை பேசும் நாட்டில் நான் மிகவும் வியந்த காட்சி அந்த வழியே.

ஒழுங்கை மீறுவோர் அங்கும் இல்லாமல் இல்லை. 2016 பிப்ரவரியில் பெர்லின் நகரின் நடுத் தெருவில் இரண்டு இளைஞர்கள் நள்ளிரவில் பந்தயம் ஓட்டினர். சிவப்பு விளக்குகளைக் கடந்து பறந்த வண்டிகளுள் ஒன்று, பச்சை விளக்கைக் கண்டு வந்த ஒருவருடைய வண்டியில் மோதியது. 69 வயதான அம்முதியவர் உயிரிழந்தார். ஓட்டியவர்கள் மீது நீதிமன்றம் கொலைக் குற்றமே சாட்டித் தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் அதனை ஒருமுறை தள்ளி, மறு விசாரணை நடந்து, மோதியவர் மீதான கொலைத் தீர்ப்பு 2020-இல் உறுதியாயிற்று. 2017 முதல் தெருப் பந்தயம் என்பதே அங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலை விபத்துகளில் ஓராண்டில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணம் இதுவே. எனக்கு எதிரே அமர்ந்து இப்பேச்சைக் கேட்கும் உங்கள் வயது அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

வேகத்தைக் குறைத்து, கோகெல் என்னும் ஊருக்குப் பிரியும் வழியில் இறங்கினேன். நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரைந்தவனுக்கு, இறங்கிய பின் சிற்றூர்ச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகமும் நடை போலத் தோன்றும். சாலைப் பொறியாளர்கள் நன்கறிந்த மயக்கம் இது. அந்த இடத்தில் உணர்ச்சியை நம்பலாகாது. வேகமானியின் முள்ளையே நம்பவேண்டும். நானும் முள்ளைப் பார்த்தே ஓட்டினேன்.

கோகெல் ஏரிக்கரையிலிருந்து வால்ஹன் ஏரிக்குச் செல்ல 'கெஸ்ஸல்பெர்க்' என்னும் மலைச்சாலை ஏறுகிறது. கீழ் ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 600 மீட்டர். கணவாயின் உச்சி ஏறத்தாழ 860 மீட்டர். வளைவுக்குப் பின் வளைவாகச் செல்லும் அந்தச் சாலையில் 1905 முதல் 1935 வரை பல ஆண்டுகளில் மலையேற்றப் பந்தயங்கள் நடந்தன. 1786-இல் கவிஞர் கெதே இத்தாலிக்குப் புறப்பட்டபோது குதிரை வண்டியில் கடந்ததும் இந்த மலையையே. ஆனால் அன்றைய சாலை வேறு.

வண்டியின் உண்மையான அருமையை நான் அறிந்தது அங்கேதான். வேகம் 50-ஐத் தாண்டவில்லை. பல வளைவுகளில் 30-தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கையும் கண்ணும் காலும் வண்டியும் ஒன்றோடொன்று உரையாடின. வளைவுக்கு முன்பே பிரேக். வளைவில் சீரான நடை. வழி நேராகும்போது மெல்லிய உந்துதல். இந்த மூன்றையும் முறையாகச் செய்தபோது, நல்ல குதிரை தன் மீது இருப்பவனின் மனத்தை அறிந்து நடப்பது போல வண்டி நடந்தது. நேர்ச்சாலையில் 160-இல் நான் வெறும் பயணி. வளைவில் 40-இல் நான் ஓட்டுநன். இன்பம் எண்ணின் பெருமையில் இல்லை, செயலின் செம்மையில் இருக்கிறது என்பதை அந்த மலை எனக்குத் தெளிவாக்கியது.

ஒன்றை மறத்தல் கூடாது. 1,500 கிலோ எடையுள்ள வண்டியைச் சாலையோடு இணைப்பவை நான்கு டயர்கள். அவை ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு பிரேக் முறை 1978 முதலும், வண்டி சறுக்காமல் திருத்தும் கருவி 1995 முதலும் ஜெர்மானிய வண்டிகளில் வந்தன. அவை எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளன. ஆயினும் அக்கருவிகள் இருக்கும் பிடிமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்குமே அன்றி, இல்லாத பிடிமானத்தைப் படைக்கமாட்டா. மழை நனைத்த வளைவில் நான்கு உள்ளங்கைகள் தாங்கும் அளவுக்கு மேல் எந்தக் கருவியும் தாங்காது.

அந்த மலையடிவாரத்தில் ஒரு நீர் மின்நிலையம் இருக்கிறது. மேல் ஏரியின் நீரைக் குழாய்களில் ஏறத்தாழ 200 மீட்டர் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கின்றனர். 1924 முதல் அது இயங்கி வருகிறது. சற்று முன் நாம் கண்ட கோபுரக் கணக்கை இங்கே நினைவு கூருங்கள். வீழ்ச்சி இங்கும் உண்டு. அந்த உயரத்திலிருந்து கட்டின்றி விழும் வெள்ளம் கீழே உள்ள ஊரை அழித்துவிடும். குழாயும் வால்வும் அதனைக் கட்டுக்குள் வைப்பதால், அதே வீழ்ச்சி வீடுகளுக்கு விளக்கேற்றுகிறது. ஆற்றல் நல்லதா தீயதா என்று கேட்பதில் பொருளில்லை. அதனை அளந்து ஆள்பவன் இருக்கிறானா என்பதே கேள்வி.

மாலையில் எண்ணெயை நிரப்பி வண்டியை ஒப்படைத்தேன். எண்ணெய்க் கணக்கும் ஒரு பாடம் சொல்லிற்று. வேகம் இரு மடங்கானால், காற்றை எதிர்த்துச் செல்ல மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். விரைந்து சென்ற அந்தச் சிறிது நேரத்துக்குரிய விலை இரசீதிலும் தெரிந்தது.

வாடகை வண்டி நம்முடையதன்று. ஒரு நாள் நம்மை நம்பி ஒருவர் தருவது. 'என் வண்டி அன்று, எப்படி ஓட்டினால் என்ன?' என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சாலையில் எதிரே வருகிறவர், ஓரமாக நடக்கிறவர், பின் ஆசனத்தில் உறங்கும் நண்பர் ஆகியோரின் உயிர்களும் நம்முடையவை அல்ல. அவையும் நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவையே. அவற்றுக்குக் கீறல் குறிக்கும் படமும் இல்லை. இழப்பீட்டு வரம்பும் இல்லை.

உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் பெறுவீர்கள். இதனினும் வலிய, இதனினும் அமைதியான வண்டிகளை ஓட்டுவீர்கள். மின்கலத்தால் ஓடும் வண்டிகளில் எஞ்சினின் ஒலி கூட இராது. வண்டி எவ்வளவுக்கு எவ்வளவு மௌனம் கொள்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஓட்டுபவனின் அறிவு விழித்திருக்க வேண்டும். உடல் உணராததைக் கணக்கு உணர்த்தட்டும். பள்ளியில் பயிலும் அந்தச் சிறிய வர்க்க வாய்பாடு, தேர்வுத் தாளோடு முடிந்துபோகாமல், ஸ்டியரிங் சக்கரத்தைப் பற்றும் கையிலும் ஆக்ஸிலரேட்டர் மீதுள்ள காலிலும் நிலைத்திருக்குமானால், நீங்கள் கற்ற கல்வி ஓர் உயிரையேனும் காத்ததாகும்.